வெயில் சுடாத நாளிலும் சன்ஸ்கிரீன்: தினமும் பூசுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

கைக்கடிகாரம் கட்டும் பழக்கம் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு மணிக்கட்டை ஒருமுறை பாருங்கள். பட்டை இருந்த இடம் ஒரு நிறம், அதற்கு மேலும் கீழும் இன்னொரு நிறம். செருப்பு வார் படிந்த பாதத்திலும் இதே கதைதான். இந்தக் கோட்டுக்காக நீங்கள் ஒருநாளும் வெயிலில் போய்ப் படுக்கவில்லை. பேருந்துக்காக நின்றது, துணி காயப்போட்டது, பக்கத்துத் தெருவரை நடந்தது எனப் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தது அது. முகத்துக்குப் பட்டை கிடையாது. அதனால் அங்கே கோடு தெரிவதில்லை. கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

சூடு வேறு, கதிர் வேறு

வெயில் உறைத்தால்தான் நமக்கு சன்ஸ்கிரீன் ஞாபகம் வருகிறது. ஆனால் உறைப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரின் வேலை. தோலைக் கருக்க வைத்து, சுருக்கி, உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துவது புற ஊதாக் கதிர். அதை உணர நம் உடம்பில் ஒரு புலனும் இல்லை. குளிர்ந்த காற்று வீசும் பகலில் சுகமாக நடந்துவிட்டு, சாயங்காலம் கண்ணாடியில் பார்த்து 'முகம் ஏன் இப்படிக் கறுத்தது' என்று திகைப்பது இதனால்தான். உடம்பைக் கேட்டு முடிவெடுத்தால் ஏமாந்து போவோம்.

தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை. தோலை வேக வைத்துச் சிவக்கச் செய்வது முக்கியமாக யூவிபி. இது கோடையில், நடுப்பகலில் உச்சத்தில் இருக்கும். காலை, மாலை, குளிர்காலத்தில் வெகுவாகக் குறையும். மற்றது யூவிஏ. நம்மை வந்தடையும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம் இதுதான். சட்டென்று சுட்டுக் காட்டிக்கொடுக்காது. தோலின் ஆழத்துக்கு இறங்கி, அதை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனைச் சிதைக்கும், கருமையைக் கிளறிவிடும். பருவத்துக்குப் பருவம், வேளைக்கு வேளை யூவிபி மாறுகிற அளவுக்கு இது மாறுவதும் இல்லை.

போதாக்குறைக்கு, சாதாரண சன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், யூவிஏயில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் மிகவும் பேசப்பட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம் அது. வண்டியின் சன்னல் பக்கமாக இருந்த பாதி முகத்தில் தோல் தடித்து, பள்ளம் பள்ளமாகச் சுருங்கியிருந்தது. மறு பாதி அவர் வயதுக்கு உரிய முகமாகவே இருந்தது. ஒரே ஆள், ஒரே பரம்பரை, ஒரே சாப்பாடு. நடுவில் வித்தியாசம் ஒரு கண்ணாடிதான்.

தினமும் பூசினால் நிஜமாகவே பலன் உண்டா?

உண்டு. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை 1,600க்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் பூச வேண்டும்; இன்னொரு குழு வழக்கம்போலத் தோன்றும்போது பூசிக்கொள்ளலாம். நாலரை ஆண்டு கழித்து, 55 வயதுக்குட்பட்டவர்களின் கைப்பின்புறத் தோலை அச்செடுத்து ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை அடையாளம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஸ்குவாமஸ் செல் என்ற தோல் புற்றுநோயும் அவர்களிடம் குறைந்தது. 'தோன்றும்போது' பூசுவதற்கும் 'தினமும்' பூசுவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

'என் நிறத்துக்கு இதெல்லாம் தேவையா?' என்று கேட்பவர்கள் நிறைய. கறுத்த தோலுக்கு நிறம் தரும் மெலனின் இயற்கையாகவே ஓரளவு காக்கிறது என்பது உண்மை; வெள்ளைத் தோலைவிடத் தோல் புற்றுநோயும் மிகக் குறைவு. ஆனால் மங்கு, பரு ஆறிய பிறகும் போகாத கறுப்புத் தழும்பு, கண்ணைச் சுற்றிய கருமை போன்ற நிறச் சிக்கல்கள் நம்மைப் போன்ற தோலைத்தான் அதிகம் படுத்தும். மங்குக்கு விதவிதமாகக் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு சன்ஸ்கிரீனை விட்டுவிடுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை.

முதல் படி: டப்பாவின் மேல் படிக்க வேண்டியவை

முன்பக்கத்தில் பூவும் பழமுமாக எவ்வளவோ அச்சடித்திருப்பார்கள். நமக்கு மூன்று விஷயம் போதும்.

எஸ்பிஎஃப் என்பது யூவிபிக்கான எண். 15 என்றால் ஏறக்குறைய 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போனால் ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். உள்ளே விடுவதைக் கணக்குப் பாருங்கள்: முதலாவது மூன்று பங்கை விடுகிறது, அடுத்தது இரண்டு பங்கை. அன்றாடத்துக்கு 30 போதும். குறைவாகப் பூசும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அதாவது நம்மில் அநேகமாக எல்லாருக்கும், 50 நல்லது. 'பத்து நிமிடத்தில் சிவக்கும் தோல், எஸ்பிஎஃப் 30 போட்டால் 300 நிமிடம் தாங்கும்' என்றொரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி வெளியே நிற்காதீர்கள். எண் எதுவானாலும் வியர்வையில் கரையும், கைக்குட்டையில் போகும்.

இரண்டாவது, யூவிஏக்கான குறி. எஸ்பிஎஃப் இதைப் பற்றி அதிகம் சொல்லாது. ஜப்பானில் தொடங்கிய முறையில் பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். நான்கு இருந்தால் உச்சம், குறைந்தது மூன்று இருக்கட்டும். ஐரோப்பிய முறையில் வட்டத்துக்குள் யூவிஏ என்று எழுதியிருக்கும். எஸ்பிஎஃபில் மூன்றில் ஒரு பங்காவது யூவிஏ பாதுகாப்பு இருக்கிறது என்று அதற்குப் பொருள். இரண்டும் இல்லையென்றால், இரு வகைக் கதிரையும் தடுக்கும் என்று பொருள்படும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லைத் தேடுங்கள். எதுவுமே இல்லாத டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம்.

மூன்றாவது, தண்ணீர் தாங்குமா என்பது. அலுவலக நாற்காலிக்கு இது தேவையில்லை. விளையாட, நீந்த, வெளியில் உழைக்கப் போகிறவர்களுக்குத் தேவை. அப்போதும் வழக்கமாக 40 அல்லது 80 நிமிடம் என்றுதான் வாக்குக் கொடுப்பார்கள்.

இரண்டாம் படி: உங்கள் தோலுக்கு ஒத்துவருவதைப் பிடிப்பது

கனிம வகை, வேதி வகை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் கனிமம். மற்றவை வேதி வகை. 'கனிமம் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும், மற்றது உறிஞ்சும்' என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். உண்மையில் கனிமமும் புற ஊதாவைப் பெரும்பாலும் உறிஞ்சத்தான் செய்கிறது. எனவே வேலை செய்யும் விதத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், முகத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எரிச்சல் எடுக்கும் தோலுக்குக் கனிமம் சாது. ஆனால் மாநிறத்திலும் கறுப்பிலும் அது விபூதி பூசியதுபோல வெளிறித் தெரியும். வேதி வகை தெளிவாக மறையும். சிலருக்குக் கண் எரியும்.

எண்ணெய் வடியும் முகத்துக்கு ஜெல் அல்லது நீர்த்த வகை, வறண்ட தோலுக்குக் கிரீம். மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்ததை எடுப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தாலும் மங்கு கூடும். அதைத் தடுப்பது அந்த நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு. நிறமில்லாத சன்ஸ்கிரீனால் அது அவ்வளவாக முடியாது.

புதிதாக ஒன்றை வாங்கினால் மூன்று நான்கு நாள் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் மட்டும் பூசிப் பாருங்கள். அரிப்போ பொரிவோ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். கடலில் இறங்குபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: பவளப்பாறைகளுக்குக் கேடு என்று சொல்லி, ஆக்ஸிபென்சோன் அல்லது ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க 2021 முதல் ஹவாய் தடை போட்டிருக்கிறது.

வீட்டில் கலக்கும் எண்ணெய், சாறு, பொடி எதையும் சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக வைக்காதீர்கள். தோலுக்கு மினுமினுப்புத் தரலாம், கதிரைத் தடுக்காது.

மூன்றாம் படி: அளவு. எல்லாம் இங்கேதான் இருக்கிறது

விலை, பெயர், எண் எல்லாம் பார்த்து வாங்கிவிட்டு இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். நானும் விட்டவன்தான். 50 மில்லி ட்யூப் ஒன்று எனக்கு ஐந்து மாதம் வந்தது. சிக்கனமாக இருக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆய்வகத்தில் எஸ்பிஎஃபை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஒன்றேகால் கிராமுக்குப் பக்கத்தில் வரும். அப்படியானால் 50 மில்லி நாற்பது நாளில் தீர வேண்டும். எனக்கு நூற்றைம்பது நாள் வந்திருக்கிறது. கால்வாசிதான் பூசியிருக்கிறேன். கால்வாசிப் பூச்சில் எஸ்பிஎஃப் ஐம்பது ஐம்பதாக இருக்காது. பத்துப் பதினைந்தைத் தாண்டினாலே அதிசயம்.

அளக்கக் கரண்டி தேவையில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடுதான் முகத்துக்கும் கழுத்துக்கும். முதல் தடவை பார்க்கும்போது 'இவ்வளவா' என்றுதான் இருக்கும். ஒரேயடியாக அப்பினால் திரண்டு உருளும். ஒரு கோட்டை நெற்றி, கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்துப் பரப்பி, ஒரு நிமிடம் விட்டு, அடுத்ததைப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். படிய விடுவதுதான் வேலை. நீச்சலுடையில் நிற்கும் பெரியவருக்கு உடம்பு முழுக்க 30 மில்லி, அதாவது ஒரு சின்னக் கோப்பை பிடிக்கும். ஆடை மூடிய இடத்துக்கு வேண்டியதில்லை.

மறந்துபோகும் இடங்கள்: காது மடலும் அதன் பின்புறமும், பிடரி, கண்ணிமை, மூக்கின் இரு ஓரம், புறங்கை, பாதத்தின் மேற்புறம். உதட்டுக்கு எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம். வகிட்டிலும் வழுக்கையிலும் பூசுவதைவிடத் தொப்பி சுலபம். புறங்கையை மட்டும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பளபளவென்று காப்பாற்றியவர்களின் வயதைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

நான்காம் படி: எதற்குப் பிறகு, எப்போது

முகம் கழுவி, மருந்துக் களிம்பு ஏதாவது இருந்தால் அதைப் பூசி, மாய்ஸ்சரைசர் போட்டு, அது காய்ந்த பிறகு சன்ஸ்கிரீன். ஒப்பனை அதற்கு மேலே. அவசரத்தில் ஃபவுண்டேஷனோடு குழைத்துப் பூசுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டும் நீர்த்துப்போய்த் திட்டுத் திட்டாகப் படியும். முகம் எண்ணெய்ப் பசையோடு இருந்தால் மாய்ஸ்சரைசரை விட்டுவிட்டு சன்ஸ்கிரீன் மட்டும் போட்டாலும் சரி. வெளியே கிளம்ப 15, 20 நிமிடம் முன்பே பூசினால் நன்றாகப் பிடிக்கும். பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் ட்யூபை வையுங்கள். அலமாரிக்குள் போனால் மறந்துவிடும்.

ஐந்தாம் படி: மறுபடி பூசுவது

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நீந்திக் கரையேறினால், நன்றாக வியர்த்தால், துண்டால் துடைத்தால் நேரம் பார்க்காமல் உடனே. நாள் முழுக்க உள்ளே, சன்னலை விட்டுத் தள்ளி உட்காருகிறவர்களும் இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலையில் ஒழுங்கான அளவு, மதியம் வெளியே போவதற்கு முன் ஒருமுறை, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினால் இன்னொருமுறை. இது போதும், நடக்கவும் நடக்கும்.

வியர்வைக்கு மேலேயே பூசக் கூடாது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள். ஒப்பனை போட்டிருப்பவர்களுக்கு ஸ்டிக் எனப்படும் குச்சி வகை கைகொடுக்கும். ஓர் இடத்தில் மூன்று நான்கு தடவை இழுக்க வேண்டும். பவுடரும் ஸ்ப்ரேயும் அவசரத்துக்குத்தான். அவற்றில் போதுமான அளவு படிவது கஷ்டம். ஸ்ப்ரேயை முகத்துக்கு நேராக அடிக்காமல் கையில் அடித்துப் பூசுங்கள், மூச்சில் போகக் கூடாது.

பருவத்துக்குப் பருவம் மாறுவது என்ன?

பூசுவது மாறாது. வகையும் தடவையும்தான் மாறும்.

கோடையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் நிழலுக்குப் போய்விடுங்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த நிழல் கணக்கு எந்த ஊரிலும் செல்லும்.

மழைக்காலம்தான் எல்லாரையும் ஏமாற்றுவது. மெல்லிய மேகத்தில் புற ஊதாவில் 80 சதவீதம் வரை ஊடுருவும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளிச்சம் மங்குகிறது, சூடு குறைகிறது, அதனால் நாமும் கூடுதல் நேரம் வெளியே நிற்கிறோம். காற்றில் ஈரம் இருப்பதால் கனமான கிரீம் பிசுபிசுக்கும், ஜெல்லுக்கு மாறுங்கள். நனைந்து வந்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

குளிர்காலத்தில் தோல் வறண்டு, பூசியது செதில் செதிலாக நிற்கும். அடியில் மாய்ஸ்சரைசரைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் சரியாகிவிடும். பனி மலைக்குப் போகிறவர்களுக்கு இரட்டை அடி: ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதா பத்து சதவீதம்போலக் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை கீழிருந்து திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தைச் சுற்றியும் தோல் வெந்து திரும்புவது அங்கேதான்.

யூவி இன்டெக்ஸ் என்றொரு எண்ணை வானிலைச் செயலிகள் காட்டும். 3ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை. பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளில் வருடம் முழுக்க நடுப்பகலில் அது மூன்றைத் தாண்டியே இருக்கும். வெகு வடக்கே குளிர்காலத்தில் 1, 2 என்று கிடக்கும். அங்கே இருட்டிலேயே போய் இருட்டிலேயே வீடு திரும்புகிறவர் ஒருநாள் பூசாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இருந்தும் தினமும் என்று ஏன் சொல்கிறேன்? காலையில் எழுந்து 'இன்றைக்குத் தேவையா' என்று யோசிக்க ஆரம்பித்தால், பத்துக்கு எட்டு நாள் 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். பல் தேய்க்கலாமா என்று நாம் யோசிப்பதில்லை.

சன்ஸ்கிரீன் மட்டும் போதாது

1981இல் ஆஸ்திரேலியா ஒரு பிரசாரம் தொடங்கியது: சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனை அப்பு, தொப்பியைப் போடு. சட்டை முதலில் வருவதைக் கவனியுங்கள். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி, தேய்ந்துபோகாத, வியர்வையில் கரையாத சன்ஸ்கிரீன். மெல்லிய வெள்ளைப் பருத்தி, அதுவும் நனைந்துவிட்டால், அவ்வளவு காக்காது. அகல விளிம்புத் தொப்பி, குடை, புற ஊதா தடுக்கும் கண்ணாடி ஆகியவற்றோடு சேர்ந்துதான் சன்ஸ்கிரீன் முழு வேலை செய்யும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும்தான், பூச வேண்டாம். அதற்கு மேல் கனிம வகை. பருவுக்கு டாக்ஸிசைக்ளினோ ஐசோட்ரெட்டினாயினோ சாப்பிடுகிறவர்கள், ரெட்டினால் அல்லது பழ அமிலம் பூசுகிறவர்கள் ஒருநாளும் விடக் கூடாது. தோல் வெயிலுக்குச் சட்டென்று வெந்துவிடும்.

'விட்டமின் டி குறைந்துவிடாதா?' என்ற கேள்வி எப்போதும் வரும். நடைமுறையில் யாரும் பூசும் அளவு கதிரை முழுக்க அடைப்பதில்லை. தினமும் பூசுகிறவர்களுக்கு அதனாலேயே குறைபாடு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் மாத்திரை எடுக்கலாம். அதற்காக முகத்தை வெயிலில் வைக்க வேண்டியதில்லை.

வரும் தொல்லைகள்

கண் எரிந்தால், கண்ணைச் சுற்றிக் கனிமக் குச்சியை மட்டும் போடுங்கள். பரு வந்தால் முதலில் சன்ஸ்கிரீனைப் பழிக்காமல், இரவில் அதை ஒழுங்காகக் கழுவுகிறோமா என்று பாருங்கள். தண்ணீர் தாங்கும் வகை வெறும் தண்ணீருக்குப் போகாது. எண்ணெய் அடிப்படையிலான கிளென்சர் கொண்டு கரைத்து, அப்புறம் வழக்கமான ஃபேஸ்வாஷ். திரண்டு உருண்டால் அடியில் போட்ட ஏதோ ஒன்று காயவில்லை என்று அர்த்தம். மச்சம் ஒன்று வடிவமோ நிறமோ மாறினால், ஆறாத புண் இருந்தால், எந்தச் சன்ஸ்கிரீனையும் தேடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வெயிலில் நிற்கும் காரில் ட்யூபை விட்டு வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும். தண்ணீராகப் பிரிந்ததையும் காலாவதியானதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. புது ட்யூபைத் திறக்கும் அன்றைக்கே, அதன் மேல் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் பூசும் 50 மில்லி என்றால், நாற்பது நாள் கழித்து அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்னும் கனமாக இருந்தால், நாளைக் காலை இரண்டு விரலிலும் கோட்டைக் கொஞ்சம் தாராளமாகப் பிதுக்க வேண்டும்.